சுடுகாட்டுக்கா கூட்டிப் போறே? தௌக்சானுக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள்

பஸ் பேசுவது, சோறு கட்டுவது எல்லாம் அப்புறம். ரங்கூனில் தமிழ்ப் பிள்ளைகளைத் தௌக்சானில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைக்குக் கூட்டிப் போக நினைக்கிறவர் முதலில் பாட்டிமாரைச் சமாளிக்க வேண்டும்.

நான் ஞாயிறுதோறும் எங்கள் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை 22 பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் பர்மியம், வீட்டில் பாதித் தமிழ், என்னிடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனா ஆவன்னா. முதல் தடவை இந்தப் பயணத்துக்குக் கையெழுத்து கேட்டு வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினேன். மறுநாளே ஒரு ஆயா வந்து நின்றார். “ஏம்மா, உனக்கு வேற எடமே கெடைக்கலியா? பச்சப் புள்ளைங்கள சுடுகாட்டுக்கா கூட்டிப் போறே?”

அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் மயானத்துக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் சில ஏற்பாடுகளைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அமாவாசையன்று போவதில்லை. மாலை போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளை வரமுடியாது என்றால் அடுத்த ஆண்டு வரலாம். திரும்பி வந்ததும் கோயில் வாசலில் அண்டாவில் மஞ்சள் தண்ணீர் இருக்கும், கை கால் கழுவித் தலையில் தெளித்த பிறகே வீட்டுக்கு அனுப்புவோம். இந்த மூன்றாவது வரியை எழுதிய ஆண்டிலிருந்து மறுப்பு வந்ததில்லை. “கல்லறை” என்ற சொல்லை மறைத்து “நினைவுத் தோட்டம்” என்று மட்டும் எழுதலாமே என்று கமிட்டியில் ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே போனதும் பிள்ளைக்குத் தெரியத்தானே போகிறது!

அந்த ஆயாவிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். “உங்க வீட்டுல நடந்து போனவங்க யாராச்சும் உண்டா?” எந்த நடை என்று அவர் கேட்கவில்லை. ரங்கூன் தமிழர்களுக்கு நடை என்றால், ஜப்பான் படையெடுத்தபோது இந்தியாவுக்கு நடந்தே போன 1942தான். “எங்கப்பாவோட தம்பி போனாரு” என்றார். திரும்பி வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சரி, இடம். ஒரே இடம் போதும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஆண்டு காலையில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரின் சமாதி, பிறகு பியே ரோட்டில் இருக்கும் ரங்கூன் போர்க் கல்லறை, மதியத்துக்கு மேல் தௌக்சான் என்று மூன்று இடம் போட்டேன். இரண்டாவது இடத்திலேயே ஒரு பையன் வாந்தி எடுத்தான், இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். தௌக்சானில் பிள்ளைகளுக்கு நினைவில் நின்றது ஓணான் மட்டும். இப்போது தௌக்சான் மட்டும்தான். ஊரிலிருந்து வடக்கே சுமார் 20 மைல். நுழைவுக் கட்டணம் கிடையாது. பர்மாவில் உள்ள மூன்று போர்க் கல்லறைகளில் அதுதான் பெரியது.

மூன்றாவது கல்லறை தன்பியூசயாட்டில் இருக்கிறது. மோல்மேனிலிருந்து தெற்கே சுமார் 40 மைல். ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதையின் பர்மா முனை அது. மோல்மேன் பக்கத்து வகுப்புகள் அங்கே போவதுதான் முறை. ஆனால் போகும் ஆசிரியர் ஒன்றை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே காமன்வெல்த் வீரர்கள் 3,149 பேர், டச்சுக்காரர்கள் 621 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். எல்லாம் பட்டாளத்துக்காரர்கள். அந்தப் பாதையில் போர்க் கைதிகள் செத்தது சுமார் 13,000. மலாயா, ஜாவா, சயாம், பர்மா என்று பிடித்துவரப்பட்ட கூலிகள் செத்தது 80,000இலிருந்து ஒரு லட்சம் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த கூலிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். கல் இருப்பது கைதிகளுக்கு. “நம்ம ஆளுங்க கல்லு எங்க?” என்று பிள்ளை கேட்கும். பதில் இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

தேதி விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் வேண்டாம். மார்ச் பிறந்தால் வெயில் கொளுத்தும். டிசம்பர் அல்லது ஜனவரியில் ஒரு ஞாயிறு. மார்கழி பஜனைக்குப் பிள்ளைகள் எப்படியும் விடியுமுன் எழுந்து கோயிலுக்கு வருகிறார்கள், பொங்கல் வாங்கித் தின்ற கையோடு பஸ் ஏற்றிவிடலாம். ஆறரைக்குக் கிளம்பினால் எட்டுக்குள் அங்கே இருப்போம், பத்தரைக்கு வேலை முடியும். கூட்டமாகப் போவதால் வார்டு ஆபீஸில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் நீட்டுவதற்குக் கையில் ஒரு பிரதியும் வேண்டும். பெரியவர்கள் ஆறு பிள்ளைக்கு ஒருவர். அவர்களில் ஒருவர் நன்றாகப் பர்மியம் பேசும் ஆண் பிள்ளையாக இருந்தால் டிரைவரோடு வாதாடும் வேலை நமக்கு மிச்சம்.

ஒரு வாரம் முன்னால் நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பயணத்துக்கு முந்திய மூன்று ஞாயிறுகளில் என்ன நடத்துவது? நான் பெரிய சரித்திரம் எதுவும் எடுப்பதில்லை. ஹிட்லர், முசோலினி எல்லாம் ஏழு வயசுப் பிள்ளைக்கு எதற்கு? அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதல் ஞாயிறு, துறைமுகம். 1941 டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் லீவுக்கு இரண்டு நாள் முன்னால், பட்டப்பகலில் ஜப்பான் விமானங்கள் வந்தன. ஆகாயத்தில் வெள்ளி வெள்ளியாக ஏதோ வருகிறதே என்று ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பள்ளத்தில் பதுங்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. செத்தவர்களில் நிறையப் பேர் நம் துறைமுகக் கூலிகள். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்றும் குண்டு விழுந்தது. இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். யாராவது சுருங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரத்தம், கை கால் என்று ஒரு சொல்லும் வேண்டாம். “அண்ணாந்து பார்த்தார்கள்” என்பதே போதும், அவர்களே மீதியைப் புரிந்துகொள்கிறார்கள்.

அதே வகுப்பில் போட்டதாங் பகோடாவையும் சொல்வேன். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே நுழைந்து சுற்றி வந்திருக்கும் பகோடா. அதை இடித்தது ஜப்பான்காரன் இல்லை. 1943 நவம்பரில் பிரிட்டிஷ் விமானம் போட்ட குண்டு. குண்டு போடுகிறவன் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்று விளங்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு, நடை. குண்டு விழுந்த பிறகு ஊர் காலியாகத் தொடங்கியது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில். மற்றவர்கள் ப்ரோம் ரோட்டை (இன்றைய பியே ரோடு) பிடித்து வடக்கே போய், அங்கிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டாங்குப் கரைக்கு. இன்னும் பலர் மாந்தளை போய், சிந்வின் ஆற்றைக் கடந்து தாமு வழியாக மணிப்பூருக்கு. ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டு பர்மாவை விட்டுப் போனார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் பசியிலும் போய்ச் சேர்ந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுப்பேன். வீட்டிலிருந்து ஒரு துணி மூட்டை கொண்டுவரச் சொல்வேன். என்ன வைப்பது என்பது அவரவர் இஷ்டம், திரும்பி வரப்போவதில்லை என்று நினைத்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு கோயில் பிராகாரத்தைப் பத்துச் சுற்று. நாலாவது சுற்றில் பேச்சு நின்றுவிடும். ஏழாவது சுற்றில் ஒருத்தி மூட்டையை அவிழ்த்து எதை எறியலாம் என்று தேடத் தொடங்குவாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பிரகாரம் சொல்லிக்கொள்ளும். ஒரு பையன் முகத்தில் பூசும் தனகாக் கட்டையும் அதைத் தேய்க்கும் வட்டக் கல்லையும் வைத்திருந்தான். அக்கா முகத்துக்குத் தனகா வேண்டுமாம். அந்தக் கல்லின் கனத்துக்கு அவன் பத்துச் சுற்றும் முடித்தது பெரிய காரியம்.

இந்த நடையை ஒரு வருஷம் நிஜமான ப்ரோம் ரோட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று, கல்லறைக்கு ஒரு மைல் முன்னால் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பத்துச் சக்கர லாரிகள் போகும் ரோடு, ஓரம் என்று ஒன்றும் கிடையாது. நூறு கஜம்கூடப் போகவில்லை, திரும்ப ஏற்றிவிட்டேன். பிரகாரம் போதும்.

மூன்றாவது ஞாயிறு எண்கள். பிள்ளைக்கு 27,000 என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். தௌக்சானில் தூண்களில் வெட்டியிருக்கும் பெயர்கள் கிட்டத்தட்ட அத்தனை. உடல் கிடைக்காத வீரர்களின் பெயர்கள் அவை. நொடிக்கு ஒரு பெயர் வாசித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். மூத்த பிள்ளைகள் கணக்குப் போட்டு ஏழரை மணி நேரம் என்பார்கள். காலையில் பள்ளி மணி அடித்ததும் தொடங்கினால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை, சாப்பாட்டு மணிகூட இல்லாமல். அடுத்தது, அங்கே கல்லறைக் கணக்கில் 6,374 பேர். அதில் 867 பேர் யார் என்றே தெரியாது. ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஏழாவது ஆளை எல்லாம் உட்காரச் சொல்லுங்கள். எங்கள் 22 பேரில் மூன்று பேர் உட்கார்வார்கள். உட்கார்ந்தவனுக்குப் பெயர் கிடையாது, அன்று வகுப்பு முடியும்வரை யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பத்து நிமிஷத்திலேயே ஒருத்தன் அழத் தொடங்கிவிட்டான் ஒரு தடவை. அதனால் இப்போது ஐந்து நிமிஷத்தோடு விட்டுவிடுகிறேன்.

பயணத்தன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் சண்டை வரும். போகும்போது பாதிப் பேர், வரும்போது மீதிப் பேர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பஸ் ஊரைத் தாண்டியதும், “இந்த ரோட்டுலதான் நடந்தாங்க” என்று ஒரே ஒரு தடவை சொல்வேன். அதற்கு மேல் இல்லை. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள், பாடட்டும்.

மிங்கலடோன் விமானத் தளம் வரும்போது ஒரு கதை கட்டாயம். 1945 மே 2. பிரிட்டிஷ் விமானி ஒருவர் மேலே பறந்து பார்க்கிறார். ரங்கூன் சிறைக் கூரையில், ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள் என்று கைதிகள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நிஜமா பொய்யா? மிங்கலடோனில் இறக்கிப் பார்ப்போம் என்று இறங்குகிறார். ஓடுபாதை முழுக்கக் குண்டுக் குழி, விமானம் அடிபட்டுவிட்டது. மனுஷர் நடந்தே ஊருக்குள் போய்ச் சிறையில் கைதிகளைப் பார்த்துவிட்டு, சம்பான் என்ற சின்னப் படகில் ஏறி ஆற்றோடு போய், வந்துகொண்டிருந்த பட்டாளத்திடம் சேதி சொன்னார். பிள்ளைகளுக்கு இந்தச் சம்பான் ரொம்பப் பிடிக்கும். விமானத்தில் வந்தவன் சம்பானில் போனான் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

தௌக்சான் சந்திப்பில் ஒரு டீக்கடையில் இறக்குங்கள். முதலில் கழிப்பறை, அப்புறம் பலாட்டாவும் சமுசாவும். பிள்ளைகள் மென்றுகொண்டிருக்கும்போது சந்திப்பைக் கைகாட்டி அடுத்த கதை. ஒரு ரோடு ப்ரோமுக்கு, இன்னொன்று பெகுவுக்குப் பிரிகிற இடம். 1942 மார்ச் 7. பிரிட்டிஷ் பட்டாளம் சிரியம் எண்ணெய்க் கிடங்குகளுக்குத் தீ வைத்துவிட்டு, தளபதி அலெக்சாண்டர் உட்பட ரங்கூனை விட்டு ஓடிவருகிறது. இங்கே வந்து பார்த்தால் ஜப்பான்காரர்கள் ரோட்டை மறித்திருக்கிறார்கள். மோதிப் பார்த்தார்கள், உடைக்க முடியவில்லை. பின்னால் போகவும் வழி இல்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் தடையையே காணோம்!

ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். ஜப்பான் படை ப்ரோம் ரோட்டைக் கடந்து மேற்குப் பக்கமாகச் சுற்றிவந்து ரங்கூனைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தது. தன் ஆட்கள் ரோட்டைக் கடக்கும்வரை காவலுக்குத்தான் அந்தத் தடை. கடந்து முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். எதிரி ஊரைக் காலி செய்துவிட்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இவர்கள் வடக்கே தப்பினார்கள், அவர்கள் காலி ஊருக்குள் நுழைந்தார்கள். “அப்ப ரெண்டு பேருமே ஏமாந்துட்டாங்களா சயாமா?” என்று ஒருத்தி கேட்டாள். (பர்மியத்தில் டீச்சரைச் சயாமா என்பார்கள்.) போர் வரலாறு எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவள் சமுசாவோடு சொல்லி முடித்துவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போது என் பிள்ளைகள் எப்போதும் ஒன்று செய்கிறார்கள். நடுவில் தூண்களோடு நீண்டு கிடக்கும் மண்டபத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிடுகிறார்கள். கோயிலோ பகோடாவோ, இப்படித் தூண் இருந்தால் செருப்பு ஆகாது என்பது இந்த ஊரில் வளர்ந்த காலுக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் தடுப்பதில்லை. பத்து மணிக்குமேல் கல் சுடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே விதி மூன்று. ஓடக் கூடாது. பூச்செடியை மிதிக்கக் கூடாது, தோட்டக்காரர்கள் காலையிலிருந்து பாடுபடுகிறார்கள். தின்பது எதுவும் உள்ளே இல்லை. தண்ணீர் குடிக்கலாம். பேசாதே என்று விதி போடாதீர்கள். பேசாமல் பிள்ளை எப்படித் தேடும்?

முதலில் கல்லறை வரிசை. நிமிர்ந்த கல் இருக்காது, தாழ்ந்த பீடத்தில் வெண்கலப் பலகை. பெயர், பட்டாளம், தேதி, பலவற்றில் வயது. வயதைப் பார்த்து “எங்க அண்ணன் வயசு” என்று சொல்லக்கூடிய பலகையை ஒவ்வொருவரும் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் இல்லாதவர்கள் சித்தப்பா, மாமா. இதற்குப் பத்து நிமிஷம். பெயரில்லாதவரின் பலகையில், கடவுளுக்குத் தெரிந்தவர் என்று இங்கிலீஷில் இருக்கும். பெயரில்லாமல் உட்கார்ந்த மூன்று பேரும் அதன் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

அங்கே ஒரு பிள்ளையாவது கேட்கும், இந்துவுக்குக் கல்லறை ஏன் குறைவு என்று. எரித்துவிட்டார்கள் என்பதுதான் பதில். அவரவர் முறைப்படி எரிக்கப்பட்ட 1,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச் சின்னம் அங்கேயே இருக்கிறது. அதைக் காட்டுங்கள். சுடுகாடு என்று ஆயா சொன்னாரே, பார்க்கப் போனால் நம் ஆட்களுக்கு இங்கே அதுகூட ஒரு கல்லுக்குள் அடங்கிய சுடுகாடுதான்.

இனி நடு மண்டபம். அந்த நாளின் சாரமே இங்கேதான். முன்கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேனே, அது இதற்காகத்தான். தூண்களில் பெயர்கள் பட்டாள வாரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. நைஜீரியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கூர்க்கா, பஞ்சாப் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மதராஸ் ஆட்கள் எந்தத் தூணில் என்று தெரியாமல் 22 பிள்ளைகளை விட்டால் காலை முழுக்க ஸ்காட்லாந்துக்காரர்களிடையே அலைவார்கள். மதராஸ் சாப்பர்ஸ் தூணை முதலில் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் பட்டாளத்துக்காரர்களுக்கு இன்றுவரை செல்லப் பெயர் “தம்பி”. இதைச் சொன்னதும் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். அடுத்து பயனியர் கோர், சர்வீஸ் கோர். சுமை தூக்கியவர்கள், மண் வெட்டியவர்கள், லாரி ஓட்டியவர்கள். அங்கேயும் நம் பெயர்கள் கண்ணில் படும்.

ஆட்டத்துக்கு எங்கள் பெயர் “சாமி வேட்டை”. பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். எஸ் டபிள்யூ ஏ எம் ஐ என்று எங்கே வந்தாலும் அது ஒரு சாமி. கடைசியில் ஐக்குப் பதில் ஒய் இருக்கும், சில இடத்தில் டபிள்யூ இருக்காது. சாமி, அப்பன், முத்து, வேலு என்று பெயர்த் துண்டு ஒன்றை மூன்று பேர் கொண்ட குழு ஒவ்வொன்றுக்கும் தேடக் கொடுங்கள். முழுப் பெயரை வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகூட நாலு எழுத்தைத் தேடிப் பிடித்துவிடும். மேல் வரிகள் எட்டாது. பெரியவர் யாராவது கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டட்டும். கல்லின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பதெல்லாம் வேண்டாம், நோட்டில் பார்த்து எழுதினால் போதும்.

கண்டுபிடித்த பெயரை இங்கிலீஷில் ஒரு தடவை, பக்கத்தில் தமிழில் ஒரு தடவை. இது எனக்கே தற்செயலாகக் கிடைத்த பாடம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பி ஏ எல் ஏ என் ஐ என்று தொடங்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்து “பலானிசாமி” என்று வாசித்தான். எல்லோரும் சிரித்தார்கள். “அந்த அம்மா புள்ளையக் கூப்பிட்டப்ப பலானின்னா கூப்பிட்டிருப்பாங்க?” என்று கேட்டேன். யோசித்தான். அவன் வீட்டிலேயே ஒரு பழனி மாமா உண்டு. பட்டாளத்துக் குமாஸ்தாவுக்கு ழகரம் எழுத வழி இல்லை, கல்வெட்டியவருக்கும் இல்லை. பையன் நோட்டில் லகரத்தை அடித்துவிட்டு ழகரம் போட்டான், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அத்தனை கவனமாக. மூன்று மாதமாக அந்த எழுத்தின் வால் அவனுக்குப் படியவில்லை. அன்று படிந்தது. இப்போது ஒவ்வொரு ஆண்டும் இதைத் திட்டமிட்டே செய்கிறேன். பெயரைப் பிடித்தால் மட்டும் போதாது, அவருடைய அம்மா கூப்பிட்ட மாதிரி எழுத வேண்டும். எது ர, எது ற? எது ண, எது ன? இங்கிலீஷ் எழுத்து சொல்லாது, பிள்ளைதான் சொல்லிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வகுப்பறையில் ஆறு வாரம் கத்தியும் ஏறாத றகரம் இங்கே ஏறுகிறது.

மண்டபத்தின் நடுவே வட்டமாக ஓர் இடம். சுதந்திர மனிதர் எல்லோருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் ஐந்து மொழியில் இருக்கிறது. இங்கிலீஷ், பர்மியம், இந்தி, உருது, குர்முகி. நம் எழுத்து இல்லை. பிள்ளைகள் கவனிப்பார்கள், கவனிக்காவிட்டால் நான் சுட்டிக்காட்டுவதில்லை. ஒரு தடவை ஒருத்தி வந்து கேட்டாள். இல்லைதான் என்றேன். நோட்டைக் காட்டி, “எங்கிட்ட ஒம்பது பேர் இருக்கு” என்றாள்.

கஷ்டமான கேள்வி பெரும்பாலும் பஸ்ஸில் திரும்பும்போது வரும். “நம்ம ஆளுங்க யார் பக்கம் சயாமா?” நேதாஜி படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பலர் உண்டு. இரண்டு பக்கமும் என்று நேராகச் சொல்லுங்கள். 1944 ஜனவரியில் நேதாஜி தன் அரசாங்கத்தின் தலைமையிடத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தார். பர்மாத் தமிழர்களும் மலாயாத் தமிழர்களும் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தார்கள், தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். தூணில் இருக்கும் சாமி அவர்களுக்கு எதிர்ப்பக்கம். 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பான்காரர்கள் ஊரை விட்டு ஓடி, நேதாஜியும் புறப்பட்ட பிறகு, பிரிட்டிஷார் வந்து சேரும்வரை ரங்கூனில் கொள்ளை நடக்காமல் காத்தது சில ஆயிரம் ஐஎன்ஏ வீரர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்ற தமிழர். தொழிலால் மருத்துவர். அவர் ஆட்கள் பெயர் இந்தத் தூண்களில் இல்லை. ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள் என்பதைப் பிள்ளைகள் நாம் பயப்படுகிற அளவுக்குக் குழப்பிக்கொள்வதில்லை. கபடியில் அண்ணன் தம்பியையே இரண்டு கட்சியாகப் பிரித்து விளையாடுகிறவர்கள்தானே.

சாமான் பட்டியல் பெரிதாக ஒன்றும் இல்லை. தொப்பி, ஆளுக்கு ஒரு தண்ணீர் போத்தல், பென்சில் (பேனா கசிந்து சட்டை போகும்), பிளாஸ்டிக் பை நாலைந்து, குடை இரண்டு, எலுமிச்சம்பழம். மதியச் சோறு வேண்டாம், பன்னிரண்டரைக்குள் கோயிலுக்குத் திரும்பிவிடலாம். மஞ்சள் தண்ணீர் அண்டாவைக் காலையிலேயே நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் மறந்து போய், பாட்டிமார் எல்லாம் வாசலில் காத்திருக்க, நான் குழாயடியில் வாளியோடு நின்றது போதும்.

அடுத்த ஞாயிறு நோட்டுகளைப் பிரித்துப் பெயர்களை ஒரு பெரிய அட்டையில் எழுதுவோம். இடப்பக்கம் தூணில் கண்ட பெயர்கள், தமிழில். வலப்பக்கம் காலியாக விடுவேன். நடந்து போனவர்கள், ரயில் போடப் போனவர்கள், ஐஎன்ஏவில் சேர்ந்தவர்கள் என்று வீட்டில் கேட்டு வந்து எழுத வேண்டும். உடனே நிரம்பாது. சில வீட்டில் பெயரே தெரியாது, “தாத்தாவோட அண்ணன்” என்று மட்டும் வரும், அதையும் அப்படியே எழுதுவோம். சுடுகாடு என்று சண்டைக்கு வந்த ஆயா மூன்றாவது வாரம் பேரனைக் கொண்டுவிட வந்தவர், அட்டை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்பாவின் தம்பி பெயரைச் சொன்னார். மாணிக்கம். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பேரன் கேட்டான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளையிடமே விட்டுவிட்டார்.

அட்டைக்கு ஒரு குறிப்பு. சாதாரண அட்டை என்றால் ஜூன் மழையில் பூஞ்சை பிடித்துவிடும், முதல் இரண்டு வருஷத்து அட்டைகள் எனக்கு அப்படித்தான் போயின. வினைல் பேனர் அச்சடிக்கும் கடையில் வெள்ளைத் துண்டு மிச்சம் கேட்டால் சல்லிசாகத் தருவார்கள். அதில் அழியாத மார்க்கரால் எழுதி, சுருட்டி, கோயில் ஸ்டோர் ரூமில் மேல் தட்டில் வையுங்கள். கீழ்த் தட்டில் எலி.